காஞ்சொறி மூடின வயலும் காணாமல் போன திருகாணியும்

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். உங்கள் சபையில் ஒரு அண்ணன் பேருந்து தாமதமானாலும் பால் பொங்கி வழிந்தாலும் அதில் ஆண்டவர் தன்னோடு பேசினார் என்று சாட்சி சொல்கிறார். உங்களுக்கோ எல்லா நாளும் சாதாரணமாகத்தான் கழிகிறது. "எனக்கு ஆவிக்குரிய கண் இல்லையா?" என்று கேட்டிருக்கிறீர்கள். அடுத்த மாதம் வாலிபர் கூட்டத்தில் அன்றாட வாழ்க்கையிலிருந்து ஒரு செய்தி கொடுக்க வேண்டும், எங்கே தொடங்குவது என்றும் கேட்டிருக்கிறீர்கள். நான் 26 வருடமாக ஓய்வுநாள் பள்ளியில் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறவள். இந்த விஷயத்தில் நிறையத் தப்பு செய்து, திருத்திக்கொண்டு வந்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் அந்தக் கண் விஷயம். நீதிமொழிகள் 24-ஆம் அதிகாரத்தின் கடைசிப் பகுதியை எடுத்து வாசியுங்கள். ஒருவர் ஒரு சோம்பேறியின் வயலைக் கடந்து போகிறார். அது முள்ளுக்காடாய்க் கிடக்கிறது, நிலத்தைக் காஞ்சொறி மூடியிருக்கிறது, கற்சுவர் இடிந்து கிடக்கிறது. இவ்வளவையும் சொல்லிவிட்டு, "அதைக் கண்டு சிந்தனைபண்ணினேன், அதை நோக்கிப் புத்தியடைந்தேன்" என்கிறார். வானத்திலிருந்து சத்தம் வரவில்லை, தரிசனமும் இல்லை. ஒரு வயல், களை, உடைந்த சுவர், அதன் முன்னால் நின்ற ஒரு மனிதர். காஞ்சொறி எப்படிப்பட்டது என்று கிராமத்தில் வளர்ந்தவர்களுக்குச் சொல்ல வேண்டாம், கால் பட்டால் போதும், அன்று முழுவதும் அரிப்புதான். என்ன களை என்று பெயர் சொல்லுகிற அளவுக்கு அவர் அங்கே நின்றிருக்கிறார். புத்தி பிறகுதான் வந்தது.

எனக்குத் தெரிந்த வழி இந்த ஒன்றுதான். பாடத்தைத் தேடி அலைய வேண்டாம். பொருளை நன்றாகப் பாருங்கள். உள்ளே வசனம் இருந்தால், அது தன் நேரத்தில் எழுந்து வந்து இதை அடையாளம் கண்டுகொள்ளும்.

இயேசு இப்படிப் பார்த்தவர். மத்தேயு 10-ல் ஒரு காசுக்கு இரண்டு அடைக்கலான் குருவி என்கிறார். லூக்கா 12-ல் இரண்டு காசுக்கு ஐந்து என்கிறார். கணக்குப் போட்டுப் பாருங்கள், நான்குதானே வர வேண்டும்? ஐந்தாவது குருவி கொசுறு. காய்கறிக்காரம்மா கையில் திணிக்கிற கறிவேப்பிலை மாதிரி, விலையே இல்லாமல் கூடப் போடுகிற குருவி. "அவைகளில் ஒன்றாகிலும் தேவனால் மறக்கப்படுவதில்லை" என்று அவர் சொல்லும்போது அந்தக் கொசுறுக் குருவியும் அதில் அடங்கும். இதைச் சொல்ல வேண்டுமென்றால் சந்தையில் குருவி என்ன விலை, இரண்டு காசு கொடுத்தால் எத்தனை தருவார்கள் என்று தெரிந்திருக்க வேண்டும். பரலோகத்திலிருந்து வந்தவருக்குக் கடைத்தெருவின் விலை தெரிந்திருந்தது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கண் கலங்கும்.

சரி, நான் செய்த தப்பு ஒன்றைச் சொல்கிறேன். மத்தேயு 13-ல் புளித்த மாவின் உவமை இருக்கிறதல்லவா? "அதை ஒரு ஸ்திரீ எடுத்து முழுவதும் புளிக்கும்வரைக்கும் மூன்றுபடிமாவிலே அடக்கிவைத்தாள்." பல வருடமாக நான் பிள்ளைகளுக்கு, "நம் வீட்டு இட்லி மாவு மாதிரி" என்றே சொல்லிக்கொடுத்தேன். ராத்திரி அரைத்து வைக்கிறோம், காலையில் பொங்கி நிற்கிறது, தேவனுடைய ராஜ்யமும் அப்படித்தான் என்பேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி எழுந்து, "டீச்சர், எங்க அம்மா மாவுல எதையும் ஒளிச்சு வைக்கலையே. உப்புதானே போடுறாங்க?" என்றாள். எனக்குப் பதில் தெரியவில்லை. அடுத்த வாரம் சொல்கிறேன் என்று உட்கார வைத்தேன்.

அதற்குப் பிறகுதான் விசாரித்துப் படித்தேன். இட்லி மாவைப் பொங்க வைக்கிற நுண்ணுயிர்கள் உளுந்திலும் அரிசியிலும் ஏற்கெனவே இருக்கின்றன. வெளியிலிருந்து நாம் எதையும் சேர்ப்பதில்லை. அந்தக் காலத்து யூதப் பெண் ரொட்டிக்குச் செய்தது வேறு. முந்தின தடவை புளித்த மாவில் ஒரு துண்டை எடுத்து வைத்திருந்து, புது மாவுக்குள் வைத்துப் பிசைந்தாள். அந்தத் துண்டு இல்லாவிட்டால் சீக்கிரத்தில் பொங்காது. நான் என்ன சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன் பாருங்கள்! ராஜ்யம் நமக்குள்ளேயே தானாக விளைந்து வரும் என்கிற அர்த்தம் வரும்படி சொல்லிக்கொண்டிருந்தேன். உவமையோ ஒருத்தி கொண்டுவந்து உள்ளே வைத்ததைப் பற்றிப் பேசுகிறது. இது சின்ன வித்தியாசம் இல்லை, சுவிசேஷமே அதில்தான் இருக்கிறது.

இன்னொன்று, அந்த 'மூன்றுபடி'. நம் படிக்கணக்கில் அது ஒரு பெரிய குடும்பத்து மாவு. மூலத்தில் இருக்கிற அளவோ 20 லிட்டருக்கும் மேல், ஒரு ஊருக்கே ரொட்டி சுடலாம். கேட்டவர்கள் வாயைப் பிளந்திருப்பார்கள்.

அப்படியானால் இட்லி மாவில் நமக்கு ஒன்றுமே இல்லையா? உண்டு, அது வேறு இடத்தில் இருக்கிறது. மார்கழிக் குளிரில் மாவு பொங்காது. என் பாட்டி பாத்திரத்தைச் சாக்கில் சுற்றி, அணைந்த அடுப்புக்குப் பக்கத்தில் வைப்பார்கள். உள்ளே எல்லாம் இருந்தும், சூடு போதாததால் அது அப்படியே கிடக்கும். பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதும்போது, உனக்கு உண்டான தேவவரத்தை "அனல்மூட்டி எழுப்பிவிடும்படி" நினைப்பூட்டுகிறேன் என்கிறார். வரம் கொடுக்கப்பட்டாயிற்று, அது உள்ளேதான் இருக்கிறது, வேண்டியது அனல். பாட்டியின் சாக்குக்கு இந்த வசனம் பொருந்துகிறது, மத்தேயு 13 பொருந்தாது. இப்போது பிள்ளைகளுக்கு இரண்டையும் தனித்தனியாகச் சொல்கிறேன்.

அதே புளித்த மாவை இயேசு மத்தேயு 16-ல் பரிசேயரின் போதனைக்கு ஒப்பிட்டு எச்சரிக்கிறார் என்பதையும் கவனியுங்கள். ஒரே பொருள், ஓரிடத்தில் ராஜ்யம், இன்னோரிடத்தில் ஆபத்து. பொருள் தானாக வாய் திறந்து பேசாது. வசனம் தெரியாதவன் மாவை எவ்வளவு நேரம் பார்த்தாலும் மாவைத்தான் பார்ப்பான். ஆகவே வேதவாசிப்பைக் குறைத்துவிட்டு இயற்கையைப் பார்த்துக்கொண்டிருந்தால் இந்தக் கண் திறக்காது. தினமும் ஒரு அதிகாரம் உள்ளே போய்க்கொண்டே இருக்கட்டும்.

அடுத்தது, உண்மை. இதில் நான் பிடிவாதக்காரி. கழுகுக் கதையைக் கட்டாயம் கேட்டிருப்பீர்கள். கழுகு 40 வயதில் மலை உச்சிக்குப் போய், அலகைப் பாறையில் மோதி உடைத்து, நகங்களையும் இறகுகளையும் பிடுங்கிப் போட்டு, 150 நாள் காத்திருந்து, புதிதாக முளைத்தபின் இன்னும் 30 வருடம் வாழும் என்று வாட்ஸ்அப்பில் வருகிறது, பிரசங்கத்திலும் வருகிறது. அப்படி ஒரு கழுகு உலகத்தில் இல்லை. அலகில்லாத கழுகு இரை தின்ன முடியாது, சில வாரங்களில் செத்துப்போகும். ஏசாயா 40-ம் சங்கீதம் 103-ம் கழுகைப் பற்றிச் சொல்வதில் இந்தக் கதையின் வாடையே கிடையாது. சத்தியத்தைச் சொல்லப் பொய்யைத் துணைக்கு வைத்தால், அந்தப் பையன் நாளைக்குக் கல்லூரியில் விலங்கியல் படிக்கும்போது கழுகோடு சேர்த்து வசனத்தையும் தூக்கிப் போட்டுவிடுவான்.

நிஜக் கழுகு எப்படி இறகை மாற்றுகிறது தெரியுமா? ஒரு நேரத்தில் ஒன்றிரண்டாக உதிர்த்து, அவை முளைத்த பின் அடுத்ததை உதிர்க்கிறது. பறப்பதை நிறுத்தாமலே புதிதாகிறது. இதைப் படித்த அன்று கட்டுக்கதையைவிட இது எவ்வளவு நன்றாக இருக்கிறது என்று நினைத்தேன். வேலைக்குப் போய்க்கொண்டு, பிள்ளை வளர்த்துக்கொண்டு, 150 நாள் மலைக்குப் போக வழியில்லாத நம்மைப் போன்றவர்களைக் கர்த்தர் இப்படித்தானே புதுப்பிக்கிறார்?

வெள்ளி புடமிடுகிறவர் தன் முகம் அதில் தெரிகிறவரை காத்திருப்பார் என்ற கதையும் அப்படித்தான். மல்கியா 3-ல் முகம் தெரிவதைப் பற்றி ஒன்றும் இல்லை. "உட்கார்ந்து" புடமிடுவார் என்று இருக்கிறது. அந்த உட்கார்ந்திருத்தலே போதும், தம்பி. நம்மை நெருப்பில் போட்டுவிட்டு அவர் எழுந்து போய்விடவில்லை.

இனி, கொஞ்சம் பாரமான விஷயம். நடக்கிற சம்பவங்களை, அதிலும் அடுத்தவருடைய துன்பத்தை, தேவனுடைய செய்தியாக வாசிக்கிற பழக்கம். 2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. குளச்சலிலும் கொட்டில்பாட்டிலும் கடல் ஏறி வந்து எத்தனை வீட்டை அழித்தது! சவக்குழி தோண்டி முடிவதற்குள் சிலர் அதில் பாடம் கண்டுபிடித்துவிட்டார்கள். இன்ன பாவத்துக்கு இந்தத் தண்டனை, இன்னார் தப்பியது அவர்கள் விசுவாசத்தால் என்றெல்லாம் பேசினார்கள். பிள்ளையைக் கடலுக்குக் கொடுத்த தாய் அதைக் கேட்டுக்கொண்டு பக்கத்தில் நின்றாள். லூக்கா 13-ல் சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் செத்ததைப் பற்றி இயேசு பேசுகிறார். அவர்கள் எருசலேமில் மற்றவர்களைவிடக் குற்றவாளிகளா என்று அவரே கேட்டு, இல்லை என்கிறார். உடனே கேட்கிறவர்கள் பக்கம் திரும்பி, நீங்கள் மனந்திரும்புங்கள் என்கிறார். யோவான் 9-ல் பிறவிக் குருடனைப் பார்த்து, யார் செய்த பாவம் என்று சீஷர்கள் கேட்டபோதும் அந்தக் கேள்வியை அவர் ஏற்றுக்கொள்ளவில்லை. அடுத்தவர் வீட்டுச் சாவில், வியாதியில், கடனில் பாடம் எடுக்க நமக்கு அனுமதி கிடையாது. அங்கே போய் உட்கார்ந்து அழலாம், கஞ்சி வைத்துக் கொடுக்கலாம்.

பேருந்து தாமதமான விஷயமும் இந்த வகையில் கொஞ்சம் சேரும். பேருந்து தாமதமாவதற்கு டயர் பஞ்சர், திருவிழா நெரிசல் என்று ஆயிரம் காரணம் உண்டு. எனக்குப் பொறுமை கற்றுத்தரத்தான் தாமதமாக்கினார் என்றால், அதே பேருந்துக்காக ஆஸ்பத்திரிக்குப் போக நின்றுகொண்டிருந்த கர்ப்பிணிப் பெண்ணுக்கு என்ன பதில்? தாமதமான வேளையில் நான் பொறுமை கற்கலாம். தாமதமே எனக்காக ஏற்பாடு செய்யப்பட்டது என்று சொல்லும்போது உலகத்தை என்னைச் சுற்றிச் சுழல விடுகிறேன். அந்த அண்ணனைக் குறை சொல்லவில்லை, அவருக்கு ஆண்டவர்மேல் நிஜமான பிரியம் இருக்கும். நீங்கள் பேசும்போது மட்டும், "ஆண்டவர் என்னிடம் சொன்னார்" என்பதற்குப் பதிலாக "எனக்கு இந்த வசனம் ஞாபகம் வந்தது" என்று சொல்லிப் பழகுங்கள். பெரும்பாலும் நடந்தது அதுதானே?

இப்போது என் திருகாணிக் கதை. ஒரு சனிக்கிழமை சாயங்காலம், மாமியார் எனக்குப் போட்ட கம்மலின் திருகாணி கழன்று கட்டிலுக்கடியில் எங்கேயோ போய்விட்டது. கடுகளவு பொருள். வழக்கமாகப் பெருக்கும்போது என்ன செய்வோம்? குப்பையைத் தள்ளுவோம், அள்ளுவோம், கொட்டுவோம். அன்று அப்படிச் செய்ய முடியவில்லை. போனில் லைட்டைப் போட்டுத் தரையோடு தரையாகச் சாய்த்துப் பிடித்தேன், மேலேயிருந்து அடித்தால் ஒன்றும் மின்னாது. மெதுவாகப் பெருக்கி, குப்பை முழுவதையும் முறத்தில் சேர்த்து, வாசலில் உட்கார்ந்து விரலால் கிளறினேன். தலைமுடி, நூல், செத்த எறும்பு, பிஸ்கட் துகள், எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக விலக்கினேன். எந்தக் குப்பையை நேற்று அருவருப்போடு கொட்டினேனோ, அதே குப்பையில் இன்றைக்குக் கையை விட்டுக்கொண்டிருந்தேன். உள்ளே என்னுடையது ஒன்று கிடக்கிறது, அதனால்தான். திருகாணி ஒரு பந்து முடிக்குள் சிக்கியிருந்தது.

உடனே லூக்கா 15-ன் வெள்ளிக்காசு நினைவுக்கு வந்தது. விளக்கைக் கொளுத்தி, வீட்டைப் பெருக்கி, கண்டுபிடிக்கிறவரைக்கும் ஜாக்கிரதையாய்த் தேடுகிறவள். அவளும் இப்படித்தான் குனிந்திருப்பாள், அவள் விரலிலும் அழுக்கு ஒட்டியிருக்கும். தேவனை அப்படிக் குனிந்த நிலையில் நான் அதுவரை நினைத்துப் பார்த்ததில்லை.

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அடுத்து வந்த நினைப்பு நல்லதாக இல்லை. நம் சபையில் காணாமல் போனவர்களை யார் இப்படித் தேடுகிறார்கள், கமிட்டிக்காரர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும் என்று மனசுக்குள் பேச்சே தயாராகிவிட்டது. மறுநாள் காலை வகுப்பு ரிஜிஸ்டரைத் திறந்தேன். அதில் ஒரு பையன் பெயரின் மேல் சிவப்புக் கோடு. நான்கு மாதம் வராததால் நானே அடித்த கோடு. தாவீது ராஜா செய்த பாவத்தை உணர்த்த, ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியைப் பிடுங்கின ஐசுவரியவானின் கதையை நாத்தான் தீர்க்கதரிசி சொன்னபோது தாவீதுக்கு அந்த ஐசுவரியவான்மேல் கோபம் பொங்கியது, "நீயே அந்த மனுஷன்" என்ற வார்த்தை வரும்வரை. எனக்கு ரிஜிஸ்டர் அந்த வார்த்தையைச் சொன்னது.

அன்று சாயங்காலமே போனேன். அவன் ஒரு டூவீலர் ஒர்க்‌ஷாப்பில் சேர்ந்திருந்தான், ஞாயிற்றுக்கிழமையும் வேலை. கிரீஸ் அப்பிய கையைத் துணியில் துடைத்துக்கொண்டே வந்தான். அதிகம் பேசவில்லை. கிளம்பும்போது, "டீச்சர், என் பேரு இன்னும் ரிஜிஸ்டர்ல இருக்கா?" என்று கேட்டான். என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. "எழுதிடுறேன்டா" என்றேன். வீட்டுக்கு வந்ததும் எழுதினேன். அவன் இப்போதும் எல்லா வாரமும் வருகிறான் என்று சொல்ல முடியாது. ஓய்வு கிடைக்கிற வாரம் வருகிறான். நானும் மாதம் ஒருமுறை அந்தப் பக்கம் போகிறேன்.

ஆகவே ஒரு பாடம் கிடைத்தால், அது யாரைக் குத்துகிறது என்று பாருங்கள். பக்கத்து வீட்டுக்காரரையும் மருமகளையும் மட்டுமே குத்தினால், அதை இன்னும் கொஞ்ச நாள் உள்ளேயே வைத்திருங்கள்.

அன்றாடப் பொருளைப் பார்த்துத் தியானிப்பது ஏதோ எழுத்து வாசனையில்லாத எளிய ஜனங்களின் பழக்கம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பள்ளிக்கூடத்தில் பாயில் விதி படித்திருப்பீர்கள், வாயுவின் அழுத்தமும் கன அளவும். அந்த ராபர்ட் பாயில் 1665-ல் இப்படிப்பட்ட தியானங்களாகவே ஒரு புத்தகம் எழுதி வெளியிட்டார். புது இடத்தில் தன் நாய் தன்னைத் தவற விட்டுவிடாமல் எவ்வளவு கவனமாகக் கூடவே வருகிறது என்பதைப் பற்றிக்கூட அதில் ஒரு தியானம் உண்டு. ஆய்வுக்கூடத்தில் உற்றுப் பார்த்த அதே கண்தான்.

அதே நூற்றாண்டில் பாரிஸில் ஒரு மடத்துச் சமையலறையில் வேலை பார்த்தவர் சகோதரர் லாரன்ஸ். 18 வயதில், குளிர்காலத்தில் இலையெல்லாம் உதிர்ந்து நின்ற ஒரு மரத்தைப் பார்த்தார். கொஞ்ச நாளில் இதில் இலை வரும், பூ வரும், காய் வரும் என்று நினைத்தார். அந்த நினைப்பில் தேவனுடைய பராமரிப்பு அவருக்குப் புரிந்தது. பிறகு வருடக்கணக்காகப் பாத்திரங்களுக்கு நடுவில் நின்றார். ஒவ்வொரு பாத்திரத்திலும் ஒரு பாடம் எடுத்துக்கொண்டிருக்கவில்லை. அடுப்படியில் தேவனோடு இருந்தார், அவ்வளவுதான். ஒரு மரம் அவருக்கு ஆயுசுக்கும் போதுமானதாக இருந்தது. ஆகவே உங்கள் நாட்கள் சாதாரணமாகக் கழிவதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். எனக்கும் பெரும்பாலான நாட்களில் ஒன்றும் தோன்றாது. துணி துவைப்பேன், ஜெபிப்பேன், தூங்குவேன்.

நான் செய்கிற ஒரு காரியத்தைச் சொல்கிறேன், வேண்டுமானால் செய்து பாருங்கள். ஒரு நாற்பது பக்க நோட்டு. இடது பக்கத்தில் அன்றைக்குப் பார்த்த ஒன்றை இரண்டு மூன்று வரியில் எழுதுவேன், பார்த்தபடியே, பாடம் சேர்க்காமல். வலது பக்கத்தைக் காலியாக விடுவேன். சில வாரம் கழித்து வேதம் வாசிக்கும்போது ஏதாவது வசனம் அந்த இடது பக்கத்தைத் தொடும், அப்போது வலது பக்கத்தில் எழுதுவேன். என் பழைய நோட்டுகளில் பாதிக்கு மேல் வலது பக்கம் இன்னும் காலிதான். அவசரப்பட்டு நிரப்பின பக்கங்களை இப்போது வாசித்தால் எனக்கே கூச்சமாக இருக்கிறது.

வாலிபர் கூட்டத்துக்கு ஒரே ஒரு பொருள் போதும். முடிந்தால் அதைக் கையில் எடுத்துப் போங்கள். பத்து நிமிடத்தில் ஆறு நிமிடம் அந்தப் பொருளைப் பற்றியே பேசுங்கள், அது எப்படி வேலை செய்கிறது, உங்கள் வீட்டில் யார் அதைத் தொடுகிறார்கள் என்று. பிறகு வசனத்தை வாசியுங்கள். அந்தப் பொருள் இல்லாவிட்டாலும் வசனம் அதையே சொல்கிறதா என்று முந்தின நாள் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். பிறகு உட்கார்ந்துவிடுங்கள், விளக்கம் அதிகம் வேண்டாம். நம் பிள்ளைகள் புத்திசாலிகள்.

உங்களுக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. நாளைக்குக் காலையில் பேருந்துக்கு நிற்கும்போது போனைப் பையில் போட்டுவிட்டு, அங்கே என்ன இருக்கிறது என்று பாருங்கள். ராத்திரி எனக்கு ஐந்து வரி எழுதுங்கள். பாடம் வேண்டாம், இருந்தது மட்டும் போதும்.